ஆற்றைத் தாண்டிய டிராம்

"மாமா, பாஸ்போர்ட்டை மறக்காம எடுத்துக்குங்க" என்றாள் என் அக்கா பெண்.

2019ஆம் வருஷம், அக்டோபர் மாதம். பிரான்சு தேசத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில், அவளுடைய வீட்டில் நான் விருந்தாளியாக இருந்தேன். அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பியது பெரிய யாத்திரைக்கு ஒன்றும் அல்ல. குளிக்கிற சோப்பு, துணி துவைக்கிற சோப்பு, பற்பசை இந்த மூன்றையும் வாங்கத்தான்.

"சோப்பு வாங்கவா பாஸ்போர்ட்?" என்று கேட்டேன்.

"கடை ஜெர்மனியில இருக்கு மாமா. அங்கே இதெல்லாம் விலை குறைச்சல். டிராமில கொஞ்ச நேரந்தான்."

அவள் ஏதோ எதிர்ச்சாரிக் கடையைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கோ அந்நிய தேசம் என்றாலே வரிசையும் முத்திரையும் அதிகாரியின் முறைப்பும் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக் கொண்டு வண்டி ஏறினேன்.

வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. சில நிறுத்தங்கள் கழிந்ததும் ஒரு பாலத்தில் ஏறியது. கீழே அகன்ற ஆறு. நீர் சாம்பல் நிறமாக ஓடிக் கொண்டிருந்தது. "இதுதான் ரைன்" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை சரித்திரப் புத்தகங்களில் இந்தப் பெயரைப் படித்திருக்கிறேன்! எத்தனை சைன்யங்கள் இதைக் கடப்பதற்காகக் கரையில் காத்துக் கிடந்திருக்கின்றன! வண்டிக்குள் சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக் கொண்டு தலையை ஆட்டிக் கொண்டிருந்தான். ஒரு தாயார் குழந்தையின் மூக்கைத் துடைத்து விட்டாள். என் அக்கா பெண் சோப்புப் பட்டியலைச் சரி பார்த்துக் கொண்டிருந்தாள். பாலம் முடிந்தது. நாங்கள் ஜெர்மனியில், கேல் என்னும் சிற்றூரில் இருந்தோம். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த டிராம் பைத்தியம். அதற்கு விதை மட்டும் முன்னமேயே எங்கள் வீட்டில் விழுந்திருந்தது.

*

என் தாத்தா பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதியவர். குடியிருந்தது மயிலாப்பூர். டிராமில் போய் டிராமில் வருவார். சென்னையில் மின்சார டிராம் 1895ஆம் வருஷம் மே மாதத்தில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராம் கண்ட முதல் பட்டணம் நம்முடையதுதான். 1953ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அது நின்றது. நடத்திய கம்பெனி நஷ்டம் தாங்காமல் கையை விரித்து விட்டது.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் டிராம் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் தாத்தா வழி சொல்லும்போது டிராம் வழியாகத்தான் சொல்வார். "அங்கே டிராம் திரும்பும் பாரு, அதற்கு எதிர்ச்சந்து" என்பார். எந்த டிராம், எங்கே திரும்பும்? கேட்கிறவன் விழிப்பான். ஒரு தடவை அவரிடம், "டிராம் ஏன் தாத்தா நின்று போச்சு?" என்று கேட்டேன். "ஊர் வளர்ந்துது. தண்டவாளம் வளரல்லே" என்றார்.

அந்தப் பதிலின் முழு அர்த்தமும் எனக்கு ரைன் நதிக் கரையில்தான் விளங்கிற்று.

*

ஸ்ட்ராஸ்பர்க்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஆல்ஸேஸ் மாகாணத்தின் தலைநகரம் அது. 1871இல் பிரான்சு தோற்றபோது ஜெர்மனியோடு சேர்ந்தது. 1918இல் ஜெர்மனி தோற்றபோது பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் ஹிட்லரின் படை வந்தது, 1944இல் போயிற்று. தொண்டு கிழவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு தடவை தேசம் மாறியிருக்கலாம்.

அந்த ஊரின் டிராம் கம்பெனி பிறந்தது 1877இல், ஜெர்மானியர் ஆட்சியில். மறு வருஷமே வண்டி ஓடிற்று. முதலில் இழுத்தது குதிரை. 1890களில் மின்சாரம் வந்தது. ரைன் நதியின் மேல் சாலைப் பாலம் கட்டியதும் டிராம் மறுகரைக்கே போய் விட்டது. அப்போது இரண்டு கரையும் ஒரே தேசம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆறு எல்லைக் கோடாயிற்று. டிராம் இக்கரையோடு நின்றது. இரண்டாம் போரில் ஆக்கிரமிப்பு நடந்த காலத்தில் கொஞ்ச நாள் மறுபடியும் அக்கரைக்கு ஓடியது. ஆனால் அது வென்றவன் ஓட்டிய வண்டி; அதில் ஏறியவர்களுக்கு மனம் நிறைந்திருக்குமா? போர் முடியும் தறுவாயில் கேல் ஊரையே காலி செய்ய வைத்தார்கள். அதன்பின் அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஊர் முழுவதும் அதன் ஜனங்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1953இல். சென்னையில் டிராம் நின்ற அதே வருஷம்!

பிறகு வந்தது மோட்டார் யுகம். பிரான்சு முழுவதும் நகரசபைகள் டிராமைக் கிழட்டு மாடு போலப் பாவித்தன. 1960இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலும் கடைசி டிராம் நின்றது. அதே வருஷத்தில் ரைன் நதியின் மேல் கார்களும் லாரிகளும் போவதற்கு "ஐரோப்பாப் பாலம்" திறந்தார்கள். டிராம் போயிற்று, பாலம் வந்தது. அந்தக் காலத்து அபிப்பிராயம் அதுதான். பெட்ரோல் உள்ளவனுக்கு உலகம் பெரிதாகும், மற்றவன் பஸ்ஸுக்கு நிற்கட்டும். 1970களின் நடுவில் பிரான்சில் டிராம் மிச்சமிருந்த நகரங்கள் மூன்றே மூன்று: லீல், மார்ஸேய், ஸேன்த்தெத்தியேன்.

பெட்ரோல் விலை 1973இல் தாவி ஏறியதும் ஞானோதயம் உண்டாயிற்று. 1975இல் பாரிஸிலிருந்த மந்திரி ஒருவர் எட்டு நகரங்களுக்குக் கடிதம் எழுதி, "டிராமைப் பற்றி மறுபடியும் யோசியுங்கள்" என்றார். அந்த எட்டில் ஸ்ட்ராஸ்பர்க்கும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பட்டியலிலேயே இல்லாத நான்த் நகரம் முந்திக் கொண்டு 1985இல் டிராம் விட்டது. 1987இல் கிரெனோபிள் விட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கோ யோசித்துக் கொண்டே இருந்தது.

*

யோசிப்பதற்குக் காரணம் இருந்தது. லீல் நகரத்தில் 1983இல் ஓட்டுநர் இல்லாமல் பூமிக்கு அடியில் தானே ஓடும் ரயில் வந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கின் நகரத் தலைவர் மார்செல் ருட்லோஃப் அதையே தம் ஊருக்கும் கொண்டு வர விரும்பினார். நகரத்து நடுக்கடைக்காரர்களுக்கும் அதுவே பிடித்தது. ஏன் தெரியுமா? ரயில் பூமிக்கு அடியில் போய்விட்டால் மேலே தெரு அப்படியே இருக்கும்; கார்கள் கடை வாசல் வரையில் வரும். டிராம் வந்தாலோ தெருவையே கேட்கும். "கார் வராவிட்டால் வாடிக்கைக்காரன் வரமாட்டான், கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று பயந்தார்கள். வியாபாரியின் பயத்தை நாம் பரிகசிக்கக் கூடாது. அன்றன்றைக்குக் கல்லாப் பெட்டியை எண்ணிப் பார்க்கிறவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

1989ஆம் வருஷத்து நகரசபைத் தேர்தல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது என்று சொல்லலாம். பாதாள ரயிலா, தெரு டிராமா? டிராம் கட்சிக்குத் தலைவி கேதரின் ட்ரோட்மன் என்னும் பெண்மணி. அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய வாதம் எளிமையானது. பூமியைக் குடைவதற்குச் செலவாகும் பணத்தில் தரையின் மேல் எத்தனையோ மடங்கு நீளத்துக்குத் தண்டவாளம் போடலாம். பாதாள ரயில் சிலருக்கு வேகமாக ஓடும். டிராம் பலருடைய வாசலுக்கு வரும். அந்த அம்மாள் ஜயித்தார்.

ஜயித்த பிறகு செய்ததுதான் துணிச்சல். நகரத்தின் நடுநாயகமான க்ளேபர் சதுக்கத்தின் வழியாக அப்போது தினந்தோறும் சுமார் 50,000 வண்டிகள் போய்க் கொண்டிருந்தன. 1992இல், டிராம் வருவதற்கு முன்பே, ஊரின் குறுக்கே கார்கள் ஊடுருவிப் போவதை நிறுத்தி விட்டார்கள். தெருவெல்லாம் பள்ளம், புழுதி, முணுமுணுப்பு. 1994 நவம்பர் 25ஆம் தேதி முதல் டிராம் ஓடியது. மேற்கே ஓத்பியேர் என்னும் குடியிருப்பிலிருந்து, ரயில்வே நிலையத்துக்கு அடியில் சுரங்கம் வழியாகப் புகுந்து, நகரத்தின் நடுவே தெற்கு வரையில் சுமார் 10 கிலோமீட்டர்.

வண்டிகள் இங்கிலாந்தில், யார்க் நகரத் தொழிற்சாலையில் தயாரானவை. தரை தண்டவாளத்துக்கு மேல் ஒரு முழ உயரங்கூட இல்லை. நிறுத்தத்தின் மேடையும் அதே மட்டம். படி ஏறும் பேச்சே கிடையாது. சக்கர நாற்காலியில் இருப்பவரும், குழந்தை வண்டியைத் தள்ளுகிறவளும், முழங்கால் வலிக்காரக் கிழவியும் யாருடைய கையையும் பிடிக்காமல் உள்ளே போகலாம். தண்டவாளங்களுக்கு நடுவே பல இடங்களில் புல் வளர்த்தார்கள். ஊர் எல்லையில் காரை நிறுத்தி விட்டால், நிறுத்தும் கட்டணத்திலேயே காரில் வந்தவர்களுக்கு டிராமில் போய்வரச் சீட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? கார் இல்லாத தெருவில் ஜனங்கள் நடந்தார்கள், நடக்கிறவன் கடையைப் பார்க்கிறான், பார்க்கிறவன் வாங்குகிறான். 1995இல் அடுத்த தேர்தல் வந்தது. அந்த அம்மாள் முதல் சுற்றிலேயே ஜயித்தார்.

*

இதோடு நின்றிருந்தால் இது ஒரு டிராமின் கதை. ஆனால் அவர்கள் நிற்கவில்லை. 1998இல் தெற்கே இல்கிர்ஷ் வரையில் நீட்டினார்கள். 2000இல் இரண்டாவது பெரிய பாதை. அது சர்வகலாசாலைப் பக்கமும் போயிற்று. 2002இல் வடக்கே ஹோன்ஹைம். அங்கே கடைசி நிறுத்தத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் ஈராக்கில் பிறந்த கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்தார். 2007இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு ஒரு கிளை. தெற்கே நொய்ஹோஃப் பேட்டைக்கு இன்னொரு கிளை.

இங்கேதான் என் தாத்தாவின் வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. ஒரே ஒரு பாதை மட்டும் இருந்தால் அது இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உபயோகம். இரண்டாவது பாதை வந்து அதைக் குறுக்கே வெட்டியதும், முதல் பாதையில் இருப்பவனுக்கும் புதிதாகப் பத்து இடங்கள் திறக்கின்றன. நம் ஊர்ச் சம்பந்தம் மாதிரிதான். ஒரு வீட்டில் பெண் கொடுத்தால் ஒரு சம்பந்தியோடு முடிகிறதா? அவர்களுடைய அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட மைத்துனன் எல்லோரும் நமக்கு உறவாகி விடுகிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கின் மத்தியில் "இரும்பு மனிதன்" என்று ஒரு நிறுத்தம் உண்டு. பெரும்பாலான பாதைகள் அங்கே சந்திக்கின்றன. வட்டமான கண்ணாடிக் கூரையின் கீழ் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு வண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளியே போகவில்லை. இன்னொரு வண்டியில் ஏறினார்கள். கிளைகளைப் பரப்புவதன் லாபம் அந்தப் பாதிப் பேரிடம் இருக்கிறது.

அதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. கிளைகள் எங்கே போயின என்று பாருங்கள். ஓத்பியேர், 1970களில் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண வடிவத்தில் கட்டிய மலிவுக் குடியிருப்பு. நொய்ஹோஃபும் ஏழைகள் நிறைந்த பேட்டை. அங்கெல்லாம் வசிப்பவர்களில் வெளிதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட இடத்துப் பெயரைச் சொன்னால் வேலை கொடுப்பவன் முகம் சுளிப்பான். ராத்திரி பஸ் நின்று விடும். அங்கே தண்டவாளம் போடுவது ஒரு வாக்குறுதி. பஸ்ஸை நாளைக்கே ஒரு சுற்றறிக்கையால் நிறுத்தி விடலாம். தெருவில் பதித்த இரும்பை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது. "உன் தெருவும் இந்த ஊர்தான்" என்று நகரசபை எழுத்து மூலம் கொடுத்தது போல அது.

பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பிரான்சில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வரம்புக்கு மேல் ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள், தாங்கள் கொடுக்கும் சம்பளத் தொகையின் மேல் போக்குவரத்துக்கென்று ஒரு வரி கட்ட வேண்டும். 1971இல் பாரிஸில் தொடங்கி, 1973இல் மற்ற நகரங்களுக்கும் வந்தது இது. வேலைக்காரன் நேரத்தில் வந்து சேர்ந்தால் லாபம் முதலாளிக்கும்தானே? ஆகவே வண்டிக் கூலியில் அவனுக்கும் பங்கு. தாத்தா காலத்துச் சென்னைக் கம்பெனியோ டிக்கெட்டுக் காசை நம்பி வாழ்ந்தது.

*

இனி அந்தப் பாலத்துக்கு வருவோம்.

கிழக்கே செல்லும் பாதை வெகு காலம் ஆற்றுக்கு முன்பாகவே நின்றிருந்தது. அதற்கு அப்பால் பழைய துறைமுக நிலம்: கிடங்குகள், உபயோகமில்லாத சரக்குத் தண்டவாளங்கள். அவற்றுக்கும் அப்பால், எல்லை ஓரமாக, துறைமுகப் பேட்டை என்று ஒரு சின்னக் குடியிருப்பு. இந்தப் பக்கம் ஊர் இல்லை. அந்தப் பக்கம் வேறு தேசம்.

2009 ஏப்ரல் மாதம் வடஅட்லாண்டிக் ஒப்பந்த நாடுகளின் தலைவர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கிலும் கேலிலும் கூடினார்கள். எதிர்ப்பு ஊர்வலம் கலகமாக மாறியது. நகரத்தின் நடுப்பகுதியைப் போலீஸார் அரண் போட்டுக் காத்தார்கள். எரிந்தது துறைமுகப் பேட்டை: ஒரு ஹோட்டல், பழைய எல்லைச் சாவடி, அந்த ஜனங்களுக்கு இருந்த மருந்துக் கடை. பெரிய மனிதர்களின் சண்டையில் யாருடைய மருந்துக் கடை எரிகிறது பார்த்தீர்களா? ஊருக்கு வெளியே இருப்பவனுடையது.

2017 ஏப்ரலில் டிராம் அந்தப் பேட்டைக்கு வந்தது. நிற்காமல் ஆற்றையும் தாண்டிக் கேல் ரயில் நிலையம் வரையில் போயிற்று. புதிய பாலத்துக்கு, இரு மொழி உலகத்துக்கும் பொதுவான பழைய ஆல்ஸேஸ் பண்டிதர் பெயாட்டஸ் ரெனானஸின் பெயரை வைத்தார்கள். 2018இல் கேல் நகர மண்டபம் வரையில் பாதை நீண்டது. புதிதாகப் போட்ட தூரம் எல்லாம் சேர்ந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் ஊரின் கடைசியாக இருந்த பேட்டை திடீரென்று இரண்டு ஊர்களுக்கு நடு ஆயிற்று. கிடங்குகள் இருந்த இடத்தில் வீடுகள் எழும்பின.

எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்ல வரவில்லை. தண்டவாளம் வருகிற இடத்தில் நிலத்தின் விலையும் வருகிறது. பழைய குடித்தனக்காரனுக்கு அது நல்ல செய்தி அல்ல. கேலில் சனிக்கிழமை தோறும் பிரெஞ்சுக்காரர் கூட்டம் நெரிகிறது. புகையிலை அங்கே மலிவு என்பதால் தெருவுக்குத் தெரு சிகரெட்டுக் கடை முளைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் பெருமை கிடையாது.

அதைவிடப் பெரிய சோதனை 2020 மார்ச்சில் வந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சி எல்லையை மூடினார்கள். டிராம் பாலத்துக்கு இந்தப் புறத்திலேயே நின்று விட்டது. அக்கா பெண் டெலிபோனில், "மாமா, ஆறு திரும்பவும் அகலமாயிடுச்சு" என்றாள். ஜூன் மாதம் எல்லையைத் திறந்தபோது டிராமும் பாலம் ஏறியது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லைகளில் எல்லாம் சோதனை வைப்பதாக அறிவித்தது. ஆக, தண்டவாளம் சமாதானத்துக்கு உத்தரவாதம் அல்ல. ஆனால் பாதை இருந்தால்தானே அது அடைபட்டது என்று நாலு பேருக்கு உறைக்கும்?

சென்னையில் 2015 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கிளைகளும் நீண்டு கொண்டிருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மத்தியிலுள்ள நிலையங்களைப் பார்ப்பதில்லை. கடைசி நிலையம் எது, அதற்கு அப்பால் இருப்பவன் யார் என்றுதான் பார்க்கிறேன். தாத்தா இருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

அன்று கேலிலிருந்து திரும்பும்போது இருட்டி விட்டது. எங்களுக்கு எதிர் இருக்கையில் நடுத்தர வயது மாது ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். ஏதோ கடையில் வேலை செய்துவிட்டு வருகிறவள் போலிருந்தது. பையை மடியில் வைத்துக் கொண்டாள். வண்டி புறப்படும் முன்பே கண்ணை மூடி விட்டாள். பாலம் வந்தது. கீழே கறுப்பாக ஓடிய ஆற்றில் விளக்குகள் ஆடின. நான் என்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டேன், பாஸ்போர்ட் இருந்தது. அவள் விழிக்கவில்லை. பாலத்தைத் தாண்டி, துறைமுகப் பேட்டை நிறுத்தத்தில் வண்டி நின்றதும் யாரும் எழுப்பாமல் தானே கண் திறந்தாள். பையை எடுத்துக் கொண்டு இறங்கி, வீட்டுக்குப் போனாள்.